தேவை எண் பதினான்கு

நான்காம் குறுக்குத் தெருவின் அடிபம்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நின்றுபோனது. இதில் பரபரப்படைய ஒன்றுமில்லை. அடிபம்பு என்றால் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நின்றால் யாராவது வந்து சரிசெய்வார்கள். சரிசெய்தவரைப் பார்த்து, "இதை நேத்தே செஞ்சிருக்கலாமே" என்று தெரு குறைப்பட்டுக்கொள்ளும். பம்பு தோன்றிய நாளிலிருந்து நடைமுறை இதுதான்.

அந்த ஊரில் அந்த யாராவது, பம்புக்காரர். இருபத்திரண்டு வருடமாக அவருக்குப் பம்பைத் தவிர வேறு தொழில் கிடையாது. கைப்பிடியை இரண்டு தடவை அடித்து, எழும் சத்தத்தைக் கேட்டே உள்ளே என்ன கெட்டது என்று சொல்லிவிடுவார். அன்றைக்கும் அடித்துப் பார்த்தார். உள்ளே இருக்கும் தோல் வாஷர் கிழிந்திருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தோல், அவ்வளவுதான் சாமான். நாற்பது நிமிட வேலை. வாஷர் வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார்.

அவர் அவசரப்பட்டது தெருவுக்காக அல்ல, தன் மனைவியின் இடது முழங்காலுக்காக. இந்தப் பம்பு நின்றால் அடுத்த தண்ணீர் மேட்டுத் தெருக் குழாயில்தான். அங்கே போக எண்பத்திரண்டு படி ஏற வேண்டும். முழங்காலில் ஒரு நீலத் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு அந்த அம்மாள் ஏறி இறங்குவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. பொறுக்காதே தவிர, குடத்தை வாங்கித் தானே தூக்கியதும் கிடையாது. தண்ணீர் தூக்குவது, எந்த ஊரிலும் யாரும் சட்டம் போடாமலே, பெண்கள் வேலையாகத்தான் இருக்கிறது.

அவர் வாஷரோடு திரும்பி வருவதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் பம்பைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். கைப்பிடியைக் காணோம். தெருமுனை அலுவலகத்தின் சிப்பந்திகள் இருவர் அதைக் கழற்றி, கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டி, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு போவது தெரிந்தது. அரசாங்கம் மெதுவாக வேலை செய்யும் என்பதெல்லாம் வீண்பழி. தெருவிளக்கை மாற்ற மூன்று வருடம் எடுத்துக்கொண்ட அதே அலுவலகம்தான் இது.

அலுவலகத்தின் முழுப்பெயர், அயல்நாட்டுத் தொண்டர் வரவேற்பு மற்றும் உள்ளூர்த் தேவைகள் பராமரிப்பு அலுவலகம். வெளிநாடுகளிலிருந்து சேவை செய்யப் புறப்பட்டு வரும் நல்லவர்களை வரவேற்பதும், அவர்கள் வந்து சேரும்வரை ஊரின் தேவைகள் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் கடமைகள். முதல் கடமை சுலபம். இரண்டாவது கடமையில்தான் அங்கிருந்த அலுவலருக்குத் தலைமுடி கொட்டிவிட்டது. ஊரில் அவரைத் தேவை அலுவலர் என்பார்கள்.

"சார், அந்தக் கைப்பிடி..." என்று ஆரம்பித்தார் பம்புக்காரர்.

"உக்காருங்க. அது இப்ப கைப்பிடி இல்ல. தேவை எண் பதினான்கு."

மேஜைமேல் ஒரு பட்டுத்துணி விரித்து, அதன்மேல் கைப்பிடி படுத்திருந்தது. கழுத்தட்டையில் எண்ணும், கீழே 'நிவர்த்தி செய்யற்க' என்ற எச்சரிக்கையும் எழுதப்பட்டிருந்தன.

"நாப்பது நிமிஷ வேலை சார். வாஷர் கையிலயே இருக்கு."

"காட்டாதீங்க. உள்ள வைங்க முதல்ல." அலுவலர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "ஏழு வாரத்துல பதினோரு பேர் வர்றாங்க. அவங்களுக்காக ஒதுக்கின பம்பு அது. நீங்க பாட்டுக்கு ரிப்பேர் பண்ணிட்டா, வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"தண்ணி குடிப்பாங்க."

"விளையாடாதீங்க. போன வருஷம் பள்ளிக்கூடக் கூரை. பத்து மாசம் ஒழுகிச்சு, என்ன அழகா ஒழுகிச்சு. அதுக்குன்னே ஒம்பது பேர் மூணு விமானம் மாறி வந்தாங்க. வந்து பாத்தா, முந்தின நாள்தான் தலைமை ஆசிரியர் தானே ஏறி ஓடு மாத்தியிருக்காரு. ஏன்யான்னு கேட்டா, மழை வருதுங்கறாரு. கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்? ஒம்பது பேரும் நல்ல கூரையை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு பொண்ணு அழுதுடுச்சு. அப்புறம் நானே ஏணி வெச்சு ஏறி நாலு ஓட்டை உடைச்சேன். இந்த வயசுல."

அந்த நினைவில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பம்புக்காரருக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

"எங்க வீட்டுல முழங்கால் வலி சார். எண்பத்திரண்டு படி."

"அதையும் எழுதிக்கறேன். உருக்கமா இருக்கு." எழுதிக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "இதுல ஒம்பதாவது கட்டம்தான் இடிக்குது. 'இப்பணி அறிந்தவர் உள்ளூரில் எவருமிலர்'னு நான் சான்று தரணும்."

"நான் இருக்கேனே சார்."

"அதான் இடிக்குது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பம்புக்காரர் வாசித்துப் பார்த்தார். 'அடிபம்பு என்னும் பொருளை வெளியிலிருந்து கண்டதுண்டு என்றும், அதன் உட்புறம் குறித்து யாதொன்றும் அறியேன் என்றும், அறிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை என்றும் இதன்மூலம் மனமார உறுதியளிக்கிறேன்' என்றிருந்தது.

"போடலைன்னா?"

"தேவையை அஞ்சாம் தெருவுக்கு மாத்துவேன். அங்க பம்பு நல்லா ஓடுது. அதை நிறுத்தணும். இந்தக் கைப்பிடியும் வெளிய போகாது, விசாரணை முடியற வரைக்கும் இங்கதான். ஒருத்தர் கையெழுத்து போடாததால ரெண்டு தெருவு காஞ்சு கெடக்கணுமா, நீங்களே சொல்லுங்க."

இப்படி நியாயமாகக் கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? பம்புக்காரர் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருட அறிவு ஒரு பேனா முனையில் போய்விட்டது. அவர் வெளியே வந்தபோது அலுவலர் வாசல்வரை வந்து கைகுலுக்கி, "ஊருக்கு உங்களை மாதிரி ஒண்ணும் தெரியாதவங்கதான் வேணும்" என்று மனப்பூர்வமாகப் பாராட்டினார்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். கேட்டுக்கொண்டே நீலத் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"இத்தனை வருஷம் பம்பு பம்புன்னு அலைஞ்சீங்க. கடைசில தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"ஏழே வாரம்தான்."

"முழங்காலுக்கு வாரக் கணக்கெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏழு வாரம் கழித்துப் பதினோரு பேரும் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு பனியன். நெஞ்சில் அவர்கள் மொழியில் ஏதோ எழுதியிருந்தது. 'கை கொடுக்க வந்தோம்' என்று அர்த்தம் என அலுவலர் விளக்கினார். ஆளுக்கொரு தடித்த குறிப்பேடு, அதைக் கட்ட ஒரு தோல் கயிறு, கழுத்தில் கேமரா. தெருவில் காலை வைத்த முதல் ஐந்து நிமிடத்துக்கு அவர்கள் எதையும் செய்யவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்க ஆச்சு அவங்களுக்கு?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"அவங்க தங்களைத் தேடி வந்திருக்காங்க" என்றார் அலுவலர்.

"எங்க தெருவுலயா தொலைச்சாங்க?"

அக்காவை அலுவலர் முறைத்த முறைப்பில் அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் சடங்கு. இதில்தான் அலுவலகத்தின் ஆழ்ந்த தத்துவம் வெளிப்பட்டது. வந்தவர்களின் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அலுவலர் அதைக் கவனமாகப் படித்து, அந்தத் தொழில் மட்டும் அந்த ஆளுக்குக் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டார். தெரிந்ததைச் செய்தால் அது வேலை. வேலை செய்ய வேறு விசா வேண்டும். தெரியாததைச் செய்தால்தான் சேவை. அதன்படி பல் மருத்துவர் குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தார். நடன ஆசிரியை குழந்தைகளின் பற்களைப் பரிசோதித்தாள். பழங்கால நாணயங்களைப்பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு நெட்டைப் பையன் கையில், அவன் இதுவரை தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடியது தவிர வேறொன்றும் அறியாதவன் என்பதால், கைப்பிடியோடு பம்பு ஒப்படைக்கப்பட்டது.

பதினோரு பேரில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி இருந்தாள். மற்றவர்கள் தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவள் நேரே பம்பிடம் போய்க் குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தாள். கழுத்தைத் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். அந்தத் தட்டலைப் பார்த்ததுமே பம்புக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. தொழில் தெரிந்தவள் தட்டிய தட்டல் அது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்து இரண்டு கைவிரல்களையும் சேர்த்து ஒரு வட்டம் காட்டினாள். அவரும் அதே வட்டத்தைக் காட்டினார். ஒரு சொல் பொதுவாக இல்லாத இரண்டு பேர், ஒரு வாஷரைப்பற்றி முழுமையாகப் பேசி முடித்துவிட்டார்கள்.

அலுவலர் ஓடி வந்து நடுவில் புகுந்தார். "அம்மா, அம்மா, இந்தப் பக்கம் வாங்க." பம்புக்காரரிடம் திரும்பி, "அந்தம்மா அவங்க ஊர்ல குழாய் ரிப்பேர் பண்றவங்க. படிவத்துலயே இருக்கு. பம்புகிட்ட விட்டா என் வேலை போயிடும்" என்றார்.

குழாய்க்காரம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய், சுவரில் பட்டாம்பூச்சி வரையச் சொன்னார்கள். பாவம், அவளுக்குக் கோடு வரையவும் வராது. ஆறு நாளில் அவள் வரைந்த பட்டாம்பூச்சியைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் இன்றும் பூரான் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கின்றன.

நெட்டை பம்பைப் பழுது பார்த்த வரலாறு சுருக்கமானது. முதல் நாள் அதைச் சுற்றி வந்தான். இரண்டாம் நாள் அதைத் தடவிக் கொடுத்தான். மூன்றாம் நாள் கழற்றக்கூடாத ஒரு போல்ட்டைக் கழற்றினான். நான்காம் நாள் அதைத் தேடினான். ஐந்தாம் நாள் பம்புக்கு வானநீலத்தில் வர்ணம் அடித்தான். அது மட்டும் நன்றாக வந்திருந்தது. பம்புக்காரர் தினமும் பக்கத்திலேயே நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். கையில் ஸ்பேனர் இருந்தது. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அலுவலர் இருமினார். ஆறாம் நாள் நெட்டை கைப்பிடியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் தெருமுனைவரை துள்ளிப் போனான். தெருவே சிரித்தது; அன்றுதான் பம்புக்காரரும் சிரித்தார். ஏழு வாரச் சிரிப்பையும் சேர்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஏழாம் நாள் திறப்பு விழா. பம்பில் தண்ணீர் வரவில்லை. ஆனால் தண்ணீர் வருவதுபோன்ற படம் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

"தலை வழியா ஊத்தினா மூக்கு வழியா வரும், இல்ல?" என்று அலுவலர் கேட்டார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் பம்புக்காரர். "உட்புறம் குறித்து யாதொன்றும் அறியேன்."

"கோவிச்சுக்காதீங்க. வீட்டுல சொல்லி நாலு குடம் கொண்டுவரச் சொல்லுங்க."

அப்படியாக, பம்புக்காரரின் மனைவி அன்று எண்பத்திரண்டு படியை நான்கு தடவை ஏறி இறங்கி, பம்புக்குத் தண்ணீர் சுமந்து வந்தாள். வழக்கமாகப் பம்பிலிருந்து வீட்டுக்குத்தான் தண்ணீர் போகும். அன்று ஊர் அவ்வளவு முன்னேறியிருந்தது. அவள் பின்னால் நின்று ஊற்ற, நெட்டை முன்னால் நின்று அடிக்க, மூக்கு வழியாகத் தண்ணீர் கொட்டியது. பதினோரு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். படத்தில் ஊற்றுகிற கை தெரிகிறது என்று அவளைக் கொஞ்சம் குனியச் சொன்னார்கள். குனிந்தாள். முழங்கால் 'கடக்' என்றது பம்புக்காரர் காதில் விழுந்தது. அந்த நிமிடம் பதினோரு பேரையும் அலுவலரையும் ஒரே பம்புக்குள் போட்டு மூட வேண்டும்போல் அவருக்கு ஆத்திரம் வந்தது.

விடைபெறும்போது ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டிலிருந்து அனுபவச் சிந்தனையை வாசித்தார்கள். அலுவலர் மொழிபெயர்த்தார். நெட்டை எழுதியிருந்தது இது: 'இந்த மக்களிடம் எதுவுமே இல்லை. ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள். குறிப்பாக, தினமும் பம்பருகே நின்ற அந்த எளிய மனிதர். நான் அவருக்குக் கற்றுக்கொடுத்ததைவிட, அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதே அதிகம்.'

"கத்துக்கிட்டிருந்தா தண்ணி வந்திருக்குமே" என்றார் பம்புக்காரர். "அவன் கால்ல கைப்பிடி விழுந்ததுக்கு சார் நான் சிரிச்சேன்."

அலுவலர் அதை மொழிபெயர்க்கவில்லை. குழாய்க்காரம்மா மட்டும் எதையும் வாசிக்கவில்லை. அவள் குறிப்பேட்டில் ஒரு வட்டம் வரைந்திருந்தது.

பஸ் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் பம்புக்காரர் ஸ்பேனரோடு பம்பிடம் போனார். அங்கே அலுவலரின் மேற்பார்வையில் கொத்தனார் கம்பிக்கூண்டு வைத்துக்கொண்டிருந்தார். வானநீலப் பம்பைச் சுற்றி ஆளுயரக் கூண்டு, அதற்கு ஒரு பூட்டு, பதினோரு பெயர்களோடு ஒரு கல்வெட்டு.

"சார், இப்பவாவது நான் ரிப்பேர் பண்ணிக்கறேன்."

"ரிப்பேரான பம்பை எப்படிங்க ரிப்பேர் பண்ணுவீங்க?" அலுவலர் உண்மையாகவே குழம்பிப்போனார். "படம் போயாச்சு. ஏற்பு ஆணை வந்தாச்சு. இது இனிமே தேவை இல்ல, சாதனை. சாதனையைத் தொட, தொண்டர் சான்றிதழ் உள்ளவங்களுக்குத்தான் சாவி தரலாம்."

"அது எங்க கிடைக்கும்?"

அதற்குத்தான் காத்திருந்ததுபோல் அலுவலர் நிமிர்ந்து நின்றார். தண்ணீர்ப் பிரச்சனை தீர்ந்துவிட்டதால் ஊர் 'பின்தங்கியது' என்ற பட்டியலிலிருந்து 'பின்தங்கியவற்றுள் முன்னேறியது' என்ற பட்டியலுக்கு உயர்த்தப்பட்டிருந்தது. அப்படி உயர்ந்த ஊர்கள், இன்னும் உயராத நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பியாக வேண்டும். முதல் ஆளாக யாரை அனுப்புவது என்று கோப்புகளைப் புரட்டியதில் ஒரே ஒருவருக்குத்தான் முறையான தகுதிச்சான்று இருந்தது.

"அங்க ஒரு அடிபம்பு நின்னு கெடக்கு. அடிபம்பைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு கையெழுத்துப் போட்ட ஆள் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

மனைவியிடம் சொன்னார். அவள் பையை எடுத்து அடுக்கினாள். அலுவலகம் கொடுத்த ஆரஞ்சு பனியனுக்கு அடியில், வீட்டில் சும்மா கிடந்த அந்தத் தோல் வாஷரை வைத்தாள்.

"அங்கயாவது போட்டுட்டு வாங்க."

"போடறேன். வந்ததும் சாவி வாங்கி நம்ம பம்பையும் திறந்துடறேன்" என்றார். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் விமானம் ஏறினார்.

அங்கே இறங்கியதும் அவருக்கு எல்லாமே தெரிந்த இடமாக இருந்தது. பம்பைச் சுற்றி நாடா. தெருமுனையில் அலுவலகம். கழுத்தட்டையோடு கைப்பிடி. பம்பருகே நின்ற ஓர் ஆள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பம்புக்காரர் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கைப்பிடியை மாட்டி இரண்டு தடவை அடித்தார். வாஷர்தான். அவர் பையில் இருந்த அதே அளவு.

நாற்பது நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் முடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தெரிந்தவன் என்று தெரிந்தால் சான்றிதழ் போச்சு, சான்றிதழ் போனால் சாவி போச்சு, சாவி போனால் மனைவியின் முழங்கால் போச்சு. எனவே மனைவிக்காக அவர் அந்தப் பம்பைச் சரிசெய்யாமல் இருந்தார். தெரியாத மாதிரி பழுது பார்ப்பது லேசில்லை. கை தானாகச் சரியான போல்ட்டைத் தேடிப் போகும். அதை அதட்டித் தவறான போல்ட்டுக்குத் திருப்ப வேண்டும். முதல் நாள் மிகவும் சிரமப்பட்டார்.

இரண்டாம் நாள் தெருவே கூடி நின்று கைதட்டியது. எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில் மாட்டியிருந்தார், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை நூறு பம்புகளுக்கு உயிர் கொடுத்திருப்பார், ஒரு மனுஷனும் கைதட்டியதில்லை; ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவரைச் சுற்றிக் குழந்தைகள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் காலை, தெருவில் காலை வைத்ததும், கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. ஐந்தாம் நாள் பம்புக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்.

ஆறாம் நாள் கைப்பிடி நழுவி அவர் காலிலேயே விழுந்தது. இது நடிப்பல்ல. அவர் துள்ளுவதைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டியிருந்த அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஏழாம் நாள் ஒரு பெண் எங்கிருந்தோ குடம் குடமாகச் சுமந்து வந்து பம்பின் தலையில் ஊற்றினாள். பம்புக்காரர் முன்னால் நின்று அடித்தார். தண்ணீர் கொட்டியது, கூட்டம் ஆரவாரித்தது, அவர் கண்ணில் உண்மையாகவே நீர் வந்தது. அன்று குறிப்பேட்டைத் திறந்து அவர் எழுதினார்: 'இந்த மக்களிடம் எதுவுமே இல்லை. ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள். குறிப்பாக, பம்பருகே நின்ற அந்த எளிய மனிதர்.' எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பியதும் தெரு அவர் வீட்டில் கூடியது. மனைவி பையைப் பிரித்தாள். சான்றிதழ் வந்தது, பனியன் வந்தது, பெரிதாகச் சட்டம் போட்ட ஒரு படம் வந்தது. அடியில், வைத்த இடத்திலேயே, வாஷர் இருந்தது.

"போடலையா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. அங்க மக்கள் எவ்வளவு ஏழை தெரியுமா? இருந்தும் எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம்."

அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, குடத்தோடு குனிந்திருந்த ஒரு பெண் தெரிந்தாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தாள்.

"இவ சிரிக்கலையே" என்றாள் மனைவி. படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவர் சான்றிதழோடு சாவி கேட்கப் போனார். அலுவலர் அதை வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். முகம் வாடியது.

"'அடிபம்பு பழுது நீக்குவதில் அனுபவம் பெற்றவர்'னு போட்டுட்டாங்களே. அனுபவம் வந்துட்டா அப்புறம் அது வேலை. சேவைல வராது. சாவி குடுக்க முடியாதுங்க." அவர் வருத்தம் நிஜமானது. "ஆனா கவலைப்படாதீங்க. தச்சு வேலை தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார்."

"பிரமாதம். அடுத்த மாசம் ஒரு பாலம் இருக்கு."

நியாயமாகப் பார்த்தால் பம்புக்காரர் அங்கே கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் பாதிதான் வந்தது. மீதிப் பாதிக்குக் கைதட்டல் ஞாபகம் வந்தது. பாலத்துக்கும் கைதட்டுவார்கள் அல்லவா? படிவத்தை வாங்கிக்கொண்டார்.

செய்தி பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அடுத்த நாள் காலை அலுவலக வாசலில் தொடங்கிய வரிசை நான்காம் குறுக்குத் தெரு முழுவதும் நீண்டு, கூண்டுக்குள் இருந்த வானநீலப் பம்பைச் சுற்றி வளைந்து போயிற்று. தச்சர், தச்சு வேலை அறியேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். தையல்காரர் ஊசியைக் கண்டதுண்டு, உட்புறம் அறியேன் என்றார். மின்சாரம் பார்ப்பவர், மருந்துக் கடைக்காரர், கூரையில் ஏறிய தலைமை ஆசிரியர், கூண்டு கட்டிய கொத்தனார், தொலைந்தவர்களைப்பற்றிக் கேலி பேசிய எதிர்வீட்டு அக்கா எல்லோரும் நின்றார்கள். நெட்டையைப் பார்த்து இந்தத் தெருதான் சிரித்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெயில் ஏற ஏற எல்லோருக்கும் நாக்கு வறண்டது. வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும்.

மேட்டுத் தெருப் படிகளில் பம்புக்காரரின் மனைவி குடத்தோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். வரிசையின் தலையில் பாலத்துப் படிவத்தோடு அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு வாய் தண்ணி குடுங்க. ரொம்ப நேரமா நிக்கிறோம்" என்றார் கொத்தனார். பம்புக்காரரும் அசட்டுச் சிரிப்போடு கையைக் குவித்து நீட்டினார்.

அவள் நின்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, வரிசையைத் தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பூட்டிய கூண்டைக் காட்டினாள்.

"அதான் ரிப்பேராயிடுச்சே. அடிச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.